பணியோட்டத் தானியக்கத்தில் பொது மாறிகள்: புதியவர்களுக்கான வழிகாட்டி

தினசரி அறிக்கை அனுப்பும் பணியோட்டம் (கணினி தானாகச் செய்யும் வேலைகளின் தொடர்) ஒன்று, பிழை வந்தால் எச்சரிக்கை அனுப்பும் பணியோட்டம் இன்னொன்று, வாரக் கணக்கைத் தொகுத்துத் தருவது மூன்றாவது. மூன்றிலும் ஒரே மின்னஞ்சல் முகவரி நேரடியாக எழுதப்பட்டிருக்கிறது. முகவரி மாறும்போது இரண்டைத் திருத்துவார்கள், ஒன்று விட்டுப்போகும். விட்டுப்போனது எந்தப் பிழையும் காட்டாமல் பழைய முகவரிக்கே அனுப்பிக்கொண்டிருக்கும். இதைத் தவிர்க்கத்தான் பொது மாறி. மதிப்பை ஓரிடத்தில் வைத்துவிட்டால், தேவைப்படும் பணியோட்டங்கள் எல்லாம் அங்கிருந்தே எடுத்துக்கொள்ளும்.

இந்த வசதி கைக்கு வந்ததும் கண்டதையெல்லாம் அதில் போடத் தோன்றும். பாதித் தொல்லை அங்கேதான் தொடங்குகிறது. ஆகவே ஒரு விதியை முதலிலேயே பிடித்துக்கொள்ளுங்கள்: ஒரு பொது மாறியை எத்தனை பணியோட்டங்கள் வேண்டுமானாலும் படிக்கலாம், அதில் எழுதுவது ஒரே ஒருவராகவோ ஒரே ஒரு பணியோட்டமாகவோதான் இருக்க வேண்டும். கீழே வரும் படிகளில் பெரும்பாலானவை இந்த விதியிலிருந்து வருபவைதான்.

படி 1: எது மாறியில் இருக்கலாம், எது கூடாது

கருவியைத் திறப்பதற்கு முன், பணியோட்டங்களில் நேரடியாக எழுதப்பட்டிருக்கும் மதிப்புகளை ஒரு விரிதாளில் பட்டியலிடுங்கள். மதிப்பு, எந்தெந்தப் பணியோட்டத்தில் இருக்கிறது, யார் மாற்றுவார்கள், எவ்வளவு அடிக்கடி மாறும் என நான்கு பத்திகள் போதும். பட்டியல் முடிந்ததும் அதை நான்கு வகையாகப் பிரிக்கலாம்.

முதல் வகை அமைப்பு மதிப்புகள்: சேவையின் இணைய முகவரி, பெறுநர் பட்டியல், கோப்புறைப் பாதை, மறுமுயற்சி எண்ணிக்கை. இவை எப்போதாவதுதான் மாறும், மாற்றுவதும் மனிதர்தான். பொது மாறிக்கு உரியவை இவையே.

இரண்டாவது வகை இரகசியங்கள்: கடவுச்சொல், ஏபிஐ சாவி, டோக்கன் (பின்னவை இரண்டும் ஒரு சேவை உங்களை அடையாளம் காணும் குறியீடுகள்). இவற்றுக்கு ஏறக்குறைய எல்லாக் கருவிகளிலும் தனி இடம் உண்டு (இங்கே வரும் கருவிகளும், பிறகு வரும் கிட்லேப், பவர் ஆட்டோமேட் ஆகியவையும் பணியோட்டங்களை ஓட்டுபவை). கிட்ஹப் ஆக்‌ஷன்ஸில் 'சீக்ரெட்ஸ்', ஏர்ஃப்ளோவில் 'கனெக்‌ஷன்ஸ்', என்8என்-இல் 'கிரெடென்ஷியல்ஸ்', யூஐபாத் ஆர்கெஸ்ட்ரேட்டரில் 'கிரெடென்ஷியல்' வகை அசெட். சாதாரண மாறியில் ஒருபோதும் வைக்காதீர்கள்.

மூன்றாவது வகை நிலை: கடைசியாகச் செயலாக்கிய பதிவின் எண், கடந்த முறை ஓடிய நேரம், இதுவரையிலான எண்ணிக்கை. இதைப் பணியோட்டமே எழுதுகிறது, பணியோட்டமே படிக்கிறது. தரவுத்தள அட்டவணையில் ஒரு வரிசையாக வைப்பதே இதற்கு நல்லது. ஏன் என்பதைப் படி 6-இல் பார்ப்போம்.

நான்காவது வகை, ஒரே ஓட்டத்துக்குள் (பணியோட்டம் ஒருமுறை இயங்குவது ஓர் ஓட்டம்) ஒரு கட்டத்திலிருந்து அடுத்த கட்டத்துக்குப் போகும் தரவு. இது பொது மாறியே அல்ல. ஏர்ஃப்ளோவில் எக்ஸ்காம் இதற்காகவே இருக்கிறது. என்8என்-இல் முந்தைய நோடின் (கட்டத்தின்) வெளியீட்டை நேரடியாகச் சுட்டலாம். இதற்குப் பொது மாறியைப் பயன்படுத்தினால், ஒரே பணியோட்டம் ஒரே நேரத்தில் இரண்டு முறை ஓடும்போது ஒன்றின் தரவு மற்றொன்றில் கலந்துவிடும்.

படி 2: எந்த மட்டத்தில் வைப்பது

கருவிகள் பலவற்றில் மாறிகளுக்கு அடுக்குகள் உண்டு. கிட்ஹப் ஆக்‌ஷன்ஸில் நிறுவனம், களஞ்சியம் (ஒரு திட்டத்தின் நிரல் கோப்புகள் இருக்கும் இடம்), சூழல் (சோதனை, நேரலை போன்றவை) என மூன்று மட்டங்கள். ஒரே பெயர் மூன்றிலும் இருந்தால் சூழல் மட்டத்தில் உள்ளதே வெல்லும், அடுத்து களஞ்சியம், கடைசியில் நிறுவனம். கிட்லேபிலும் திட்ட மட்டத்து மாறி குழு மட்டத்து மாறியை மறைத்துவிடும்.

தேவைப்படும் மிகக் குறுகிய மட்டத்தில் வையுங்கள். ஒரே களஞ்சியம் பயன்படுத்தும் மதிப்பை நிறுவன மட்டத்தில் வைத்தால், நாளை அதை அழிக்கவோ மாற்றவோ யாருக்கும் துணிவு வராது. யார் பயன்படுத்துகிறார்கள் என்று தெரியாதே. மாறாக, பல களஞ்சியங்களுக்குப் பொதுவான மதிப்பை ஒவ்வொன்றிலும் நகலெடுத்து வைத்தால், தொடங்கிய இடத்துக்கே திரும்பிவிடுவோம்.

ஏர்ஃப்ளோவில் மறைக்கும் வரிசை வேறு மாதிரி. மாறியைக் கேட்டால் அது முதலில் வெளி இரகசியப் பெட்டகத்தில் (அமைத்திருந்தால்) தேடும், பிறகு இயங்குதளச் சூழல் மாறிகளில், கடைசியாகத் தன் தரவுத்தளத்தில். இயங்குதளச் சூழலில் வைத்த மாறி 'அட்மின்' பட்டியலின் 'வேரியபிள்ஸ்' பக்கத்தில் தெரியாது. அதே பெயரில் அந்தப் பக்கத்தில் புதிய மதிப்பைப் போட்டுச் சேமித்தாலும் பணியோட்டம் பழைய மதிப்பையே படிக்கும். “மாற்றிவிட்டேன், மாறவில்லை” என்ற புகாருக்கு ஏர்ஃப்ளோவில் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது.

படி 3: பெயர்

பெயரில் மூன்று செய்திகள் தெரிய வேண்டும்: எந்தத் துறை அல்லது அமைப்பு, எந்தப் பொருள், என்ன அலகு. 'நேரம்' என்று பெயர் வைத்தால் அது வினாடியா, மில்லிவினாடியா, மணியா? 'விற்பனை_ஏபிஐ_காத்திருப்பு_வினாடி' என்றால் கேள்வியே எழாது. அலகைப் பெயரில் சேர்க்கும் இந்தச் சின்ன வழக்கம் தடுக்கும் பிழைகள் ஏராளம். 30 என்று இருப்பதை ஒருவர் வினாடியாகவும் இன்னொருவர் மில்லிவினாடியாகவும் படித்தால், ஒரு பணியோட்டம் ஒழுங்காக ஓடும், மற்றது ஒவ்வொரு அழைப்பிலும் நேரம் கடந்து தோற்கும்.

இங்கே படிக்க எளிதாகப் பெயர்களைத் தமிழில் எழுதியிருக்கிறோம். கருவியில் ஆங்கில எழுத்து, எண், அடிக்கோடு ஆகியவற்றோடு நின்றுகொள்ளுங்கள். கிட்ஹப்பும் என்8என்-உம் இவற்றை மட்டுமே ஏற்கும். கிட்ஹப்பில் பெயர் எண்ணில் தொடங்கக் கூடாது, 'கிட்ஹப்' என்ற முன்னொட்டுடனும் தொடங்கக் கூடாது.

'சோதனை', 'நேரலை' போன்ற சூழல் பெயர்களை மாறியின் பெயரில் சேர்க்காதீர்கள். சேர்த்தால் ஒரே பணியோட்டத்தைச் சோதனைச் சூழலிலிருந்து நேரலைக்கு நகர்த்தும்போதெல்லாம் உள்ளே கை வைக்க வேண்டியிருக்கும். பெயர் எங்கும் ஒன்றே, மதிப்பு மட்டும் சூழலுக்குச் சூழல் வேறு.

படி 4: வகையும் வடிவமும்

புதியவர்கள் அதிகம் இடறும் இடம் இதுதான். என்8என்-இன் பொது மாறிகள் அனைத்தும் உரைச்சரங்கள். கிட்ஹப்பிலும் ஏர்ஃப்ளோவிலும் மதிப்பு உரையாகவே சேமிக்கப்படுகிறது. நீங்கள் 5 என்று தட்டச்சு செய்தாலும் பணியோட்டத்துக்குக் கிடைப்பது '5' என்ற எழுத்து.

அதனால் என்ன ஆகும்? ஜாவாஸ்கிரிப்ட்டில் அந்த '5'-உடன் 1-ஐக் கூட்டினால் 6 வராது, 51 வரும். ஆம்/இல்லை மதிப்பு இன்னும் மோசம்: 'ஃபால்ஸ்' என்று எழுதிய சரம் காலியாக இல்லாததால், பைத்தானிலும் ஜாவாஸ்கிரிப்ட்டிலும் நேரடியாக நிபந்தனையில் வைத்தால் அது 'உண்மை' என்றே கொள்ளப்படும். அனுப்புதலை நிறுத்த நினைத்து ஃபால்ஸ் என்று மாற்றியவர், மின்னஞ்சல்கள் தொடர்ந்து போவதைப் பார்ப்பார். வழி எளிது: சரத்தைச் சிறிய எழுத்தாக்கி 'ட்ரூ' என்பதோடு வெளிப்படையாக ஒப்பிடுங்கள். ட்ரூ, ஃபால்ஸ் இரண்டும் அல்லாத எதுவாக இருந்தாலும் பணியோட்டம் பிழை காட்டி நிற்கட்டும்.

எண்களில் காற்புள்ளி வேண்டாம். ஆயிரத்தை 1,000 என்று எழுதினால் பைத்தானின் முழுவெண் மாற்றம் பிழை காட்டும். அதுவாவது நல்லது. ஜாவாஸ்கிரிப்ட்டின் முழுவெண் மாற்றம் காற்புள்ளியோடு நின்று, சத்தமில்லாமல் 1 என்று தந்துவிடும். 007 போன்ற குறியீடுகள் எண்ணாக மாறினால் முன்னிருக்கும் சுழியங்கள் போய்விடும். அவற்றைச் சரமாகவே வைத்திருங்கள். தேதியை ஆண்டு-மாதம்-நாள் வரிசையில், நேரம் இருந்தால் நேர மண்டலத்தோடு எழுதுங்கள். 03/04 என்பது மார்ச் 4-ஆ, ஏப்ரல் 3-ஆ என்று எந்தக் கருவியும் உங்களைக் கேட்காது.

தொடர்புள்ள பல மதிப்புகள் இருந்தால், அவற்றை ஒரே ஜேசான் (பல மதிப்புகளைப் பெயர்களோடு ஒரே உரையாக எழுதும் வடிவம்) மாறியாக வைக்கலாம். ஒன்றாக மாறுபவை ஒன்றாக இருக்கும் என்பது இதன் நன்மை. ஒரு காற்புள்ளி தவறினாலும் முழு மாறியும் படிக்க முடியாமல் போகும் என்பது விலை. சேமிக்கும் முன் ஏதேனும் ஒரு ஜேசான் சரிபார்ப்பியில் ஒட்டிப் பாருங்கள்.

படி 5: உருவாக்குவதும் படிப்பதும்

கிட்ஹப்பில்: களஞ்சியத்தின் 'செட்டிங்ஸ்', அதில் 'சீக்ரெட்ஸ் அண்ட் வேரியபிள்ஸ்', அதில் 'ஆக்‌ஷன்ஸ்', பிறகு 'வேரியபிள்ஸ்' தாவல், 'நியூ ரெப்பாசிட்டரி வேரியபிள்'. ஒரு மாறியின் அளவு 48 கிலோபைட்டைத் தாண்டக் கூடாது. இங்கே ஒரு கண்ணி உண்டு: இல்லாத மாறியைக் கேட்டால் கிட்ஹப் பிழை காட்டாது, காலிச் சரத்தைத் தரும். பெயரில் ஓர் எழுத்து தவறினாலும் பணியோட்டம் ஓடிக்கொண்டே இருக்கும். கோப்புறைப் பாதையைக் காலியாகப் பெற்றுக்கொண்டு 'அதற்குக் கீழே உள்ளதையெல்லாம் அழி' என்ற கட்டளை ஓடினால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள்.

பவர் ஆட்டோமேட்டில் இரண்டு வேறு பொருள்களுக்கு ஏறக்குறைய ஒரே பெயர். 'இனிஷியலைஸ் வேரியபிள்' என்பது ஒரு ஃப்ளோவுக்குள் (அங்கே பணியோட்டத்துக்கு அதுதான் பெயர்) மட்டும் வாழும் மாறி. அதை மேல்மட்டத்தில்தான் உருவாக்க முடியும், சுழற்சிக்குள்ளோ நிபந்தனைக்குள்ளோ முடியாது. பல ஃப்ளோக்களுக்குப் பொதுவானது 'என்விரான்மென்ட் வேரியபிள்'. அதைச் சொல்யூஷனுக்குள் (ஃப்ளோக்களையும் மாறிகளையும் சேர்த்து வைக்கும் தொகுப்பு) சென்று 'நியூ', 'மோர்' வழியாக உருவாக்குங்கள். இதில் இயல்பு மதிப்பு, நடப்பு மதிப்பு என்று இரண்டு இடங்கள் இருக்கும். நடப்பு மதிப்பு இருந்தால் அதுவே செல்லும்.

எந்தக் கருவியானாலும் படிக்கும் முறை ஒன்றே:

1. பணியோட்டத்தின் முதல் கட்டத்திலேயே தேவையான எல்லா மாறிகளையும் படியுங்கள்.
2. ஒவ்வொன்றும் இருக்கிறதா, காலியாக இல்லையா, வகை சரியா என்று சோதியுங்கள். தவறென்றால் எந்த மாறி என்பதைப் பெயரோடு சொல்லி நிறுத்துங்கள்.
3. சோதித்த மதிப்பை அந்த ஓட்டத்துக்கான உள்ளூர் நகலாக வைத்து, பிறகு வரும் கட்டங்களில் அந்த நகலையே பயன்படுத்துங்கள்.

இந்தப் பட்டியலில் மூன்றாவதை விட்டுவிடுபவர்கள் அதிகம். நடுவில் யாராவது மதிப்பை மாற்றினால், பாதிப் பதிவுகள் பழைய மதிப்பிலும் மீதி புதிய மதிப்பிலும் செயலாக்கப்படும். அந்தக் கலவையைப் பின்னால் பிரித்தெடுப்பது பெரும்பாடு.

மாறி இல்லாவிட்டால் பயன்படுத்த இயல்பு மதிப்பு தரும் வசதி பல கருவிகளில் உண்டு. மறுமுயற்சி எண்ணிக்கை போன்றவற்றுக்கு அது சரி. சேவை முகவரி, பெறுநர் பட்டியல், தரவுத்தளப் பெயர் ஆகியவற்றுக்கு இயல்பு மதிப்பு தரவே தராதீர்கள். தவறான இடத்தில் வெற்றிகரமாக ஓடுவதைவிட நின்றுபோவது எவ்வளவோ மேல்.

ஏர்ஃப்ளோ பயன்படுத்துவோருக்குத் தனிக் குறிப்பு: டேக் கோப்பின் (ஏர்ஃப்ளோ பணியோட்டத்தை வரையறுக்கும் பைத்தான் கோப்பு) மேல்மட்டத்தில், அதாவது எந்த டாஸ்க்குக்கும் (பணியோட்டத்தின் ஒரு கட்டம்) வெளியே, மாறியைப் படிக்கும் வரியை எழுதாதீர்கள். ஏர்ஃப்ளோ அந்தக் கோப்பைத் திரும்பத் திரும்ப அலசுகிறது. இயல்பான இடைவெளி 30 வினாடி. டேக் ஓடாத நேரத்திலும் ஒவ்வோர் அலசலிலும் தரவுத்தளத்துக்கு ஒரு வினவல் போகும். கோப்புகள் நூற்றுக்கணக்கில் பெருகும்போது தரவுத்தளம் திணறும். டாஸ்க்குக்குள் படியுங்கள், அல்லது ஜின்ஜா வார்ப்புருவில் (மதிப்புக்கு இடம் விட்டு எழுதும் உரை) எழுதுங்கள்; வார்ப்புரு டாஸ்க் ஓடும்போதுதான் நிரப்பப்படும்.

படி 6: எழுதுவது

பணியோட்டமே பொது மாறியை மாற்ற வேண்டியிருந்தால் கூடுதல் கவனம் தேவை. ஓர் எண்ணிக்கை மாறியில் 40 இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டு ஓட்டங்கள் ஒரே நேரத்தில் தொடங்குகின்றன. இரண்டும் 40-ஐப் படிக்கின்றன, இரண்டும் ஒன்றைக் கூட்டுகின்றன, இரண்டும் 41 என்று எழுதுகின்றன. வர வேண்டியது 42. எங்கும் பிழைச் செய்தி இல்லை, பதிவேட்டில் இரண்டு ஓட்டங்களும் பச்சை நிறத்தில் இருக்கும். சோதிக்கும்போது ஒவ்வொன்றாக ஓட்டுவதால் இந்தத் தவறு கண்ணில் படாது. சுமை கூடும்போதுதான் வெளிவரும்.

பவர் ஆட்டோமேட்டில் இது ஒரே ஓட்டத்துக்குள்ளேயே நடக்கும். 'அப்ளை டு ஈச்' சுழற்சி இயல்பாக ஒன்றன்பின் ஒன்றாக ஓடும். வேகத்துக்காகக் 'கன்கரன்சி கண்ட்ரோல்' வசதியை இயக்கினால் 50 சுற்றுகள் வரை இணையாக ஓடலாம். மாறியோ முழு ஃப்ளோவுக்கும் ஒன்றுதான். ஒரு சுற்று எழுதிய மதிப்பை, அது பயன்படுத்துவதற்கு முன்பே வேறொரு சுற்று மாற்றிவிடும். இணையாக ஓட வேண்டுமென்றால் சுழற்சிக்குள் மாறியைத் தவிர்த்து 'கம்போஸ்' செயலைப் பயன்படுத்துங்கள். அதன் வெளியீடு ஒவ்வொரு சுற்றுக்கும் தனி.

பணியோட்டங்களுக்கு இடையிலான மோதலுக்கு மூன்று தீர்வுகள் உண்டு. எளிதானது, எழுதும் பணியோட்டத்தை ஒரே நேரத்தில் ஒருமுறைதான் ஓட விடுவது. ஏர்ஃப்ளோவில் டேக்கின் உச்ச ஓட்ட எண்ணிக்கையை 1 ஆக்கலாம். கிட்ஹப்பில் 'கன்கரன்சி' குழு அமைக்கலாம். ஆனால் அதன் இயல்பான அமைப்பில் ஓடுவது ஒன்று, காத்திருப்பது ஒன்று மட்டுமே. மூன்றாவது வந்தால் காத்திருந்தது ரத்தாகிவிடும். ஒவ்வோர் ஓட்டமும் எண்ணப்பட வேண்டிய இடத்தில் இது பொருந்தாது.

இரண்டாவது, எண்ணிக்கையைத் தரவுத்தளத்தில் வைத்து, 'படி, கூட்டு, எழுது' என்ற மூன்று செயல்களை 'இருப்பதோடு ஒன்றைக் கூட்டு' என்ற ஒரே கட்டளையாக ஆக்குவது. வரிசைப்படுத்தும் பொறுப்பைத் தரவுத்தளம் ஏற்றுக்கொள்ளும். மூன்றாவது, மதிப்போடு ஒரு பதிப்பு எண்ணையும் வைத்து, படித்தபோது இருந்த பதிப்பு இன்னும் இருந்தால் மட்டும் எழுதுவது. மாறியிருந்தால் மீண்டும் படித்து முயல்வது. தொடங்குபவர்களுக்கு இரண்டாவதையே பரிந்துரைக்கிறோம்.

'கடைசியாகச் செயலாக்கிய நேரம்' என்ற மாறி தனிக் கவனத்துக்கு உரியது. அதைப் பணியோட்டத்தின் தொடக்கத்தில் புதுப்பித்துவிட்டு நடுவில் ஓட்டம் தோற்றால், இடைப்பட்ட பதிவுகள் நிரந்தரமாக விட்டுப்போகும். வேலை முழுதும் வெற்றியடைந்த பிறகே, கடைசிக் கட்டத்தில் எழுதுங்கள். எழுதும் மதிப்பு அப்போதைய கடிகார நேரமாக இருக்கக் கூடாது. செயலாக்கிய பதிவுகளிலேயே மிகப் பிந்தியதன் நேரமாக இருக்க வேண்டும். ஓட்டம் நடந்துகொண்டிருந்தபோது வந்து சேர்ந்த பதிவுகள் அப்போதுதான் அடுத்த முறை கிடைக்கும். தோற்ற ஓட்டத்தை மீண்டும் இயக்கும்போது ஒரே பதிவு இருமுறை வரலாம் என்பதால், பதிவின் அடையாள எண்ணை வைத்து மறுபதிவைத் தடுங்கள்.

என்8என்-இல் ஒன்று நினைவிருக்கட்டும்: பொது மாறிகளைப் பணியோட்டத்துக்குள்ளிருந்து மாற்ற முடியாது. நிலையை வைக்க 'ஸ்டாட்டிக் டேட்டா' என்ற வசதி உண்டு. பணியோட்டம் செயல்நிலையில் இருந்து ட்ரிகர் (தானாகத் தொடங்கிவைக்கும் நிகழ்வு) அல்லது வெப்ஹுக் (வெளிச் சேவையிலிருந்து வரும் அழைப்பு) மூலம் ஓடினால்தான் அது சேமிக்கப்படும். கையால் ஓட்டிச் சோதித்துவிட்டு “சேமிக்கவில்லையே” என்று குழம்ப வேண்டாம்.

படி 7: இரகசியங்கள்

பதிவேட்டில் இரகசியத்தை உடுக்குறிகளாக மறைக்கும் வசதியை நம்பி அச்சிடாதீர்கள். மறைப்பு வேலை செய்வது அதே எழுத்துத் தொடர் அப்படியே வரும்போதுதான். பேஸ்64 என்ற குறியாக்கத்துக்கு மாற்றினாலோ, இரண்டாகப் பிரித்தாலோ வெளியே தெரிந்துவிடும். ஜேசான் தொகுப்பை ஒரே இரகசியமாக வைத்தாலும் உள்ளிருக்கும் தனி மதிப்புகள் மறையாமல் போகலாம். ஒவ்வொன்றையும் தனித்தனி இரகசியமாக வையுங்கள். கிட்லேபில் ஒரு மதிப்பை மறைக்க அது குறைந்தது 8 எழுத்துகள் கொண்ட ஒற்றை வரியாக இருக்க வேண்டும். அங்கே 'ப்ரொடெக்டட்' என்று குறித்த மாறி பாதுகாக்கப்பட்ட கிளைகளிலும் (நிரலின் தனித்தனி வளர்ச்சிப் பாதைகள்) டேக்குகளிலும் (நிரலின் ஒரு பதிப்புக்கு இடும் பெயர்; ஏர்ஃப்ளோவின் டேக் அல்ல) மட்டுமே கிடைக்கும். முதன்மைக் கிளையில் ஓடும் பணி உங்கள் புதிய கிளையில் அனுமதிப் பிழை காட்டினால், முதலில் அந்தக் குறியைப் பாருங்கள்.

படி 8: மாற்றுவதும் பெயர் திருத்துவதும்

மதிப்பை மாற்றும் முன் பழையதை விளக்கப் பெட்டியிலோ படி 1-இன் விரிதாளிலோ தேதியோடு குறித்துவையுங்கள். பவர் ஆட்டோமேட்டில் என்விரான்மென்ட் வேரியபிளை நேரடியாக மாற்றினால், ஏற்கெனவே இயக்கத்தில் உள்ள ஃப்ளோ பழைய மதிப்பையே பிடித்துக்கொண்டிருக்கலாம்; ஃப்ளோவை நிறுத்தி மீண்டும் இயக்குங்கள். சொல்யூஷனை வேறு சூழலுக்கு ஏற்றுமதி செய்யும் முன், நடப்பு மதிப்பை அதிலிருந்து நீக்குங்கள். இல்லையென்றால் சோதனைச் சூழலின் முகவரி நேரலைக்குச் சேர்ந்தே போகும்.

பெயரை நேரடியாகத் திருத்தாதீர்கள். புதிய பெயரில் அதே மதிப்போடு ஒரு மாறியை உருவாக்குங்கள். பணியோட்டங்களை ஒவ்வொன்றாகப் புதிய பெயருக்கு மாற்றுங்கள். மிக அரிதாக ஓடும் பணியோட்டமும் ஒருமுறையாவது ஓடி முடியும்வரை பழையதை விட்டுவைத்து, பிறகு அழியுங்கள். மாத இறுதியில் மட்டும் ஓடும் பணியோட்டம் இருந்தால் ஒரு மாதம் காத்திருக்கத்தான் வேண்டும்.

மதிப்பு தவறாக வந்தால்

ஊகிப்பதை விட்டு இந்த வரிசையில் தேடுங்கள். முதலில், ஓட்டத்தின் தொடக்கத்தில் படித்த மதிப்பைப் பதிவேட்டில் அச்சிடுங்கள், இரகசியமல்லாதவற்றை மட்டும். இரு பக்கமும் மேற்கோள் குறியிட்டு, எழுத்து எண்ணிக்கையோடு அச்சிட்டால், நகலெடுத்து ஒட்டும்போது கடைசியில் ஒட்டிக்கொண்ட இடைவெளியோ வரி முறிப்போ உடனே தெரியும். அடுத்து, அதே பெயர் வேறு மட்டத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு, எந்தச் சூழலில் ஓடுகிறது என்று உறுதிசெய்யுங்கள். கிட்ஹப்பில் ஒரு கட்டத்தில் சூழல் கோப்பில் எழுதிய மாறி அதே கட்டத்தில் கிடைக்காது, அடுத்த கட்டத்திலிருந்துதான் கிடைக்கும். அந்தத் தவறா என்றும் பாருங்கள். இவை எல்லாம் சரியாக இருந்து, மதிப்பு சில நேரம் மட்டும் தவறாக வந்தால், அந்த மாறியில் எழுதும் இடங்கள் அனைத்தையும் தேடி எண்ணுங்கள். ஒன்றுக்கு மேல் கிடைத்தால், ஒன்றை மட்டும் விட்டுவைத்து மற்றவற்றை நீக்கிவிட்டு மீண்டும் ஓட்டிப் பாருங்கள்.